குட்டையாக நிற்கும் மக்காச்சோளம்: தெளிக்கும் முன் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: ஐந்து போகமாக ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை) மட்டும் ஓட்டி மக்காச்சோளம் போடுகிறேன். 25 நாள் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது. குருத்து இலைகளில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை தெரிகிறது. 19:19:19 கலப்பு உரத்தைக் கரைத்துத் தெளித்தால் தேறுமா?

பதில்: தெளிப்பானை எடுக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். குட்டைச் செடி ஒன்று, நல்ல செடி ஒன்று, இரண்டையும் பிடுங்காமல் ஒரு அடி ஆழத்துக்குச் சுற்றித் தோண்டி மண்ணோடு வெளியே எடுத்துப் பாருங்கள். குட்டைச் செடியின் வேர் அரையடியில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், அடிமண் இறுகிவிட்டது. ரோட்டவேட்டர் கத்தி ஒவ்வொரு போகமும் அதே ஆழத்தில்தான் சுழல்கிறது. மேல்மண்ணை மாவாக்கிவிட்டு அடியைத் தேய்த்து மெழுகிவிடும். ஈரத்தில் ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மழை வந்தால் வேரடியில் தண்ணீர் தேங்கும், நாலு நாள் வெயில் அடித்தால் இலை சுருளும்.

இலையில் தெரியும் பட்டை துத்தநாகப் பற்றாக்குறையின் அடையாளம். வேர் பரவாத இடத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். 19:19:19 தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளுக்கானது, இதற்கு அது மருந்தல்ல. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் போதும். 25 கிராம் நீர்த்த சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் அதில் சேருங்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டால் இலை கருகலாம். வெயில் தாழ்ந்தபின் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். வெளுத்த இலை முழுதாகப் பச்சையாகாது, புதிதாக விரியும் குருத்தைத்தான் கவனிக்க வேண்டும். கதிரில் எத்தனை வரிசை மணி என்பது ஏழெட்டு இலைப் பருவத்திலேயே முடிவாகத் தொடங்கிவிடும். அதனால் இந்த வாரமே தெளித்துவிடுங்கள்.

சரி, யூரியாவையும் இலைவழியே கொடுத்து முடித்துவிடலாமா என்று அடுத்துத் தோன்றும். ஏக்கருக்கு 200 லிட்டரில் 2 சதவீதக் கரைசல் என்றால் 4 கிலோ யூரியா, அதில் தழைச்சத்து 2 கிலோகூட இல்லை. ஒரு டன் சோள மணி விளையப் பயிர் எடுக்கும் தழைச்சத்தோ சுமார் 20 கிலோ. ஆகவே மேலுரத்தை (வளரும் பயிருக்கு இடும் உரத்தை) மண்ணில்தான் போட வேண்டும். வேர் மேலோட்டமாக இருப்பதால் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டு மண் அணையுங்கள். தண்ணீரும் அளவு குறைத்து, அடிக்கடி.

நிற்கும் பயிருக்குள் ஆழமாக எதையும் ஓட்டாதீர்கள், இருக்கிற வேரும் அறுந்துவிடும். அறுவடைக்குப் பின் ஒரு அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் இன்னும் காயட்டும். உதிர்ந்தால், இறுகிய அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பையை 40 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டலாம். அப்புறம் ரோட்டவேட்டர் லேசாக ஒரே ஓட்டு.

தோண்டியபோது வேர் நேராகக் கீழே இறங்கியிருந்தால் உளிக்கலப்பைச் செலவே வேண்டாம். அடுத்த விதைப்புக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினால் போதும். மணிச்சத்து உரமான டிஏபியோடு மட்டும் சேர்த்துக் கலக்காதீர்கள், மணிச்சத்து துத்தநாகத்தைக் கரையாமல் பிடித்துக்கொள்ளும்.