இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள விக்டோரியா காலப் பூங்காவுக்கு அப்படி என்ன வரலாறு?

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, வருவதற்கு முன் ஊரைப் பற்றித் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இங்கே வேலை பார்ப்பவன், வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் "அழகான பூங்கா, படம் எடுக்க நல்ல இடம்" என்றே எல்லோரும் எழுதுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை.

1810-க்கு முன் இங்கே ஊரே கிடையாது. புதர்க்காடு, போர்ன் என்ற ஓடை, கடத்தல்காரர்கள் வந்து போன கடற்கரை, அவ்வளவுதான். லூயிஸ் ட்ரெகன்வெல் என்ற முன்னாள் ராணுவ கேப்டன் அந்த வருடம் முதலில் வீடு கட்டினார். ஊருக்கு யோகம் அடித்தது 1841-ல். கிரான்வில் என்ற டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சு நோயாளிகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்கிற மாதிரி புத்தகத்தில் எழுதிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? காசநோய்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1855-ல் அவர்களுக்கென்றே சானடோரியம், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை, வந்தது. ஓடைக்கரைச் சதுப்பு நிலத்தை வடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவாக்கினார்கள். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் டெசிமஸ் பர்ட்டன். லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி மாளிகையிலும் அவர் கை உண்டு. 1870-ல் ரயில் வந்தபின் கூட்டம் கூடியது.

பைன் மரக் காற்று நுரையீரலைக் குணமாக்கும் என்று அன்றைய டாக்டர்கள் நம்பினார்கள். பூங்காவின் கீழ்ப்பகுதியில் பைன் மரங்களுக்கு நடுவே போகும் பாதைக்கு 'நோயாளிகள் நடை' என்றே பெயர். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். 1882-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் நல்ல காற்றின் மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை, வேறு மருந்தும் இல்லையே. பின்னால் நோயாளிகளைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு 'பைன் நடை' ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், அப்பா தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே குடியிருந்தோம் என்பதற்காகவே எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத சொந்தக்காரர்கள் உண்டு. அக்காவுக்கு வந்த ஒரு வரன் அந்த முகவரியைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டது. கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தபாலில்தான் அனுப்புவார்கள்.

அப்பா இங்கே வந்தபோது கடலைக் காட்டக் கூட்டிப்போனேன். அவர் பைன் நடையிலேயே நின்றுவிட்டார். பட்டையில் வழிந்திருந்த பிசினை விரலில் தொட்டு முகர்ந்தார். பாதையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏத்தமே இல்ல பாரு, மூச்சு வாங்காது. ரெண்டு பக்கமும் மேடு, கடல் காத்து நேரா அடிக்காது. தெரிஞ்சுதான் போட்டிருக்கான்."

பெயர் மாற்றிய கதையைச் சொன்னதும் சிரித்தார். "நம்ம ஊர்ல ரயில்வே ஸ்டேஷனுக்கே இன்னும் சானடோரியம்னுதான் பேரு."

தாம்பரத்தில் 1928-ல் அதைத் தொடங்கிய டாக்டர் சவுரிமுத்துவும் முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பக்கம், சானடோரியம் நடத்தியவர்தான்.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். வாங்கவில்லை. இந்தக் காற்று வசதியுள்ளவர்களுக்குத்தான் எளிதில் கிடைத்தது, அதுவும் தெரியும். பைன் காற்றால் காசநோய் குணமாகும் என்றும் நான் சொல்லவில்லை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், பூங்காவுக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. காரில் வராதீர்கள். அன்றைக்கு நான் பணம் கட்டித்தான் வண்டியை நிறுத்தினேன். ரசீது கையில் இருக்கிறது, ஆனாலும் வண்டி நிறுத்துமிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அபராதக் கடிதம் அனுப்பியது. அப்பீலுக்குப் பதிலே இல்லை, இரண்டாவது கடிதத்தில் தொகை மட்டும் கூடியிருந்தது. கேமராவை நம்புவான், மனிதனை நம்பமாட்டான்.

பேருந்தில் வந்து மேல்பகுதியிலிருந்து நடந்து இறங்குங்கள். மொத்தம் சுமார் 3 கி.மீ. இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் இறைக்க 1885-ல் கட்டிய சிறிய நீர்க்கோபுரம் வழியில் வரும், பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். ஓடையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் கடைசியில் கடல்பாலத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.