கை பழகாத எமர்ஜென்சி படிப்பில் பெண்ணைச் சேர்க்காதீர்கள்

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் பயாலஜி படித்த உங்கள் பெண், நீங்கள் சொல்கிற நர்சிங் வேண்டாம், 108 ஆம்புலன்ஸில் போகிற மாதிரியான படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறாள். ராத்திரி டூட்டி, ரத்தம், நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்று மூன்று கவலைகளை எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருகிறேன். ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிற விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. அவள் சேரும் இடத்தில் கையால் செய்து பழக விடுவார்களா?

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தை வைத்தே சொல்கிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற கார்களில் மோதினால், ஒரே நேரத்தில் நாலைந்து பேர் அடிபட்டுக் கிடப்பார்கள். கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். படிக்க இது ஒரு வரிதான். சுற்றி நூறு பேர் நின்று ‘இவரைத் தூக்கும்மா’ என்று கையைப் பிடித்து இழுக்கும்போது அப்படிச் செய்வதற்கு, ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவரைத் திருப்புவதும் அப்படித்தான். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் ஒரே சமயத்தில் உருட்ட வேண்டும்.

பாம்புக்கடியை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ அங்கே போய்ச் சேரும்வரை அந்த உயிரை வைத்திருப்பது, கையால் அமுக்கி மூச்சுக் காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பைதான். நாடித்துடிப்பு இருக்கும் பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு தரம் அதை அமுக்கினால் போதும். கஷ்டமெல்லாம் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடிப்பதில் இருக்கிறது. தாடையை விரல்களால் மேலே தூக்கியபடி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைக் காற்று கசியாமல் பிடிக்க வேண்டும். பழகாத கையில் பாதிக் காற்று வெளியே போய்விடும், நெஞ்சு உயராது. இதைப் படம் காட்டிச் சொல்லித்தரவே முடியாது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆரும் அப்படியே. நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், நெஞ்சு ஐந்து முதல் ஆறு செ.மீ. இறங்கும்படி அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும் என்பதால்தான் ஆள் மாற்றிச் செய்யச் சொல்கிறார்கள். பொம்மையில் செய்து பார்த்தவளுக்குத்தான் தன் கை எப்போது தளர்கிறது என்று தெரியும்.

அதனால் கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பயிற்சிப் பொம்மைகள் இருக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொம்மைகள் பிளாஸ்டிக் உறையோடு புதிதாகவே இருந்தால் அது ஒரு பதில். எந்த ஆஸ்பத்திரியின் கேஷுவல்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) போஸ்டிங், எத்தனை மாதம், ராத்திரியும் உண்டா, பிரசவ வார்டுக்கு அனுப்புவார்களா, ஆம்புலன்ஸில் ஏற்றுவார்களா என்று கேளுங்கள். சீனியர் மாணவிகளிடம் தனியாகப் பேசி, செய்முறைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

படிப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீசியன் என்ற ஒரு வருடச் சான்றிதழ் படிப்பும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் இந்த வருடம் எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்று சேர்க்கைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். வசதி இருந்தால் என் ஓட்டு பி.எஸ்சி.க்குத்தான். ஒரு விஷயம், 108-இல் நர்சிங், டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீசியன் டிப்ளமோ, விலங்கியல் போன்ற உயிர் அறிவியல் பட்டங்கள் படித்தவர்களையும் மருத்துவ உதவியாளராக எடுத்து அவர்களே பயிற்சி தருகிறார்கள். அதனால் நீங்கள் சொல்கிற நர்சிங்கும் அந்தக் கதவை மூடிவிடாது.

வேலை 108 மட்டுமில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஓசூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. தனியார் ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி வார்டுகளும் இருக்கின்றன.

உங்கள் கவலைகளுக்கு வருகிறேன். ராத்திரி டூட்டி கண்டிப்பாக இருக்கும், 108-இல் 12 மணி நேர ஷிப்ட். அது அரசு நிரந்தர வேலையும் இல்லை, நிறுவனம் மூலமாக நடப்பது. ஆரம்பச் சம்பளம் வீட்டைத் தாங்கும் அளவுக்கு இருக்காது. இதையெல்லாம் அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தைப் பார்த்து முதல் நாள் தலை சுற்றினால் அவளுக்கு இது வராது என்று முடிவு கட்டாதீர்கள், பார்க்கப் பார்க்கப் பழகும். கல்யாணப் பேச்சைப் படிப்பு முடியும்வரை தள்ளிவையுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சி பக்கத்தில் எங்கே, எப்போது என்று விசாரித்து அவளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். கல்லூரிக் கட்டணத்தை அதற்கு அப்புறம் கட்டலாம்.