ஒரு வரிக்கு ஐந்து பத்தி: ரோல்பிளே சாட்பாட்டின் பதில் நீளத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: ஏஐ கதாபாத்திரங்களோடு ரோல்பிளே செய்வது, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக எழுதிக் கதை நடத்துவது, எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஒரு துப்பறிவாளர் பாத்திரத்தோடு இரண்டு வாரமாகக் கதை ஓடுகிறது. நான் ஒரு வரி எழுதினால் அது ஐந்து பத்தி எழுதுகிறது. ‘சுருக்கமாகப் பேசு’ என்றால் ஒருமுறை கேட்கிறது, அப்புறம் பழையபடிதான். செட்டிங்ஸில் டோக்கன் அளவை, அதாவது பதிலின் உச்ச நீளத்தை, குறைத்தேன். வாக்கியம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. இன்னொரு பாத்திரமோ ஒரு வரிக்கு மேல் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக, குறைத்த டோக்கன் அளவை மறுபடி ஏற்றிவிடுங்கள். அந்த எண் வெறும் கத்தரிக்கோல். தனக்கு 150 டோக்கன்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது பதிலை எழுத ஆரம்பிக்கும் ஏஐ மாடலுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஐந்து பத்திக்கான நிதானத்தில் மழையையும் ஜன்னலையும் வர்ணித்துக்கொண்டிருக்கும். 150 ஆனதும் செயலி நறுக்கிவிடும். பதில் இயல்பாக முடியும் விதமே வேறு. மாடல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டு வரும்போது, ‘இத்தோடு முடிந்தது’ என்பதைக் குறிக்கும் ஒரு தனி டோக்கனைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். அந்த இடம் சீக்கிரம் வரும்படி செய்வதுதான் நம் வேலை.

தமிழில் கதை நடத்துபவர்களை இந்த எண் இன்னும் அதிகமாகப் படுத்தும். டோக்கன் என்பது முழுச் சொல் அல்ல, பல சமயம் சொல்லின் ஒரு துண்டுதான். ஆங்கிலத்தில் புழக்கத்தில் உள்ள ஒரு சொல் பெரும்பாலும் ஒரே டோக்கனில் அடங்கிவிடும். தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடையும். எத்தனை துண்டு என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடல் வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய ஒப்பீட்டில், ஒரே தமிழ் வாசகத்துக்கு, சொற்களைத் துண்டாக்கும் பழைய முறையில் 116 டோக்கன் பிடித்தது, புதிய முறையில் 35 போதுமாயிற்று. ஆகவே ஆங்கிலத்தில் விளையாடும் ஒருவர் ‘200 வைத்தால் போதும்’ என்று சொன்னதை அப்படியே பின்பற்றாதீர்கள். 500, 600 என்று தாராளமாக வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். ரோல்பிளேக்குப் பலர் பயன்படுத்தும் சில்லி டேவர்ன் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முடியாமல் தொங்கும் கடைசி வாக்கியத்தை நீக்கிவிடும் வசதி அதில் உண்டு. கண்ணுக்கு அழகாக இருக்கும், நோய் அப்படியேதான் இருக்கும்.

சரி, நீளத்தை உண்மையில் எது தீர்மானிக்கிறது? ஏற்கெனவே திரையில் இருக்கும் எழுத்துதான். ஒவ்வொரு முறையும் மாடல் உங்கள் உரையாடலை, நினைவில் கொள்ளும் எல்லை வரை, ஒரே ஆவணமாகப் படித்துவிட்டு அதன் தொடர்ச்சியை எழுதுகிறது. அந்த ஆவணத்தில் துப்பறிவாளர் இருபது தடவை ஐந்து பத்தி பேசியிருக்கிறார். உங்கள் ‘சுருக்கமாகப் பேசு’ ஒரே ஒரு வரி. இருபது உதாரணங்களுக்கு எதிரே அந்த ஒரு வரி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? உங்கள் பாட் சொல்பேச்சு கேட்காத ஜென்மம் என்று நினைக்காதீர்கள். தன் முன்னால் இருக்கும் மாதிரியைத்தான் அது உண்மையாகப் பின்பற்றுகிறது. போதாததற்கு, மனிதர்களின் மதிப்பெண்ணைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட மாடல்களுக்கு நீளமாக எழுதும் சாய்வு இயல்பிலேயே உண்டு. மதிப்பிடுபவர்கள் நீளமான பதிலைச் சிறந்த பதிலாகக் கருதிவிடும் போக்கின் விளைவு அது. ஒரு பதில் கொஞ்சம் நீண்டால் அடுத்தது அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நீளும். இரண்டு வாரத்தில் ஐந்து பத்தி ஆனதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் கட்டளையை விட்டுவிட்டு மாதிரியை மாற்றுங்கள். கடைசி நான்கைந்து பதில்களை எடிட்டில் திறந்து வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் ‘கதவை மெல்லத் தள்ளினேன்’ என்று எழுதியதற்கு இப்படி ஒரு பதில் வந்ததாக வையுங்கள்:

‘மேசை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “தாமதமாக வந்திருக்கிறீர்கள்” என்றார். நீங்கள் திடுக்கிட்டு ஓர் அடி பின்வாங்குகிறீர்கள். “மன்னியுங்கள், வழியில் ஒருவன் பின்தொடர்ந்தான்” என்கிறீர்கள். அவர் எழுந்து வந்து ஒரு கடிதத்தை நீட்டுகிறார். நடுங்கும் விரல்களால் அதைப் பிரிக்கிறீர்கள்...’

“தாமதமாக வந்திருக்கிறீர்கள்” என்பதோடு நிறுத்திவிட்டு மற்றதெல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அந்த வசனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். திடுக்கிடுவதா, முறைப்பதா, பொய் சொல்வதா என்பது உங்கள் கையில் இருக்க வேண்டிய முடிவு. பாட் அதைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் வாயாலும் பேசிவிட்டது. நீளப் பதில்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். எதிராளி பேச வேண்டிய இடத்தில் நிறுத்தப் பழக்கிவிட்டால் நீளம் பாதிக்கு மேல் தானாகவே அடங்கும்.

வெட்டிய பிறகு அடுத்த பதில் மறுபடி நீளமாக வந்தால் அதை ஏற்றுக்கொண்டு கதையை நகர்த்தாதீர்கள். ஸ்வைப் செய்து வேறு பதில் வாங்குங்கள், அல்லது அதையும் வெட்டுங்கள். நானும் ஒரு காலத்தில் ‘இது ஒன்று போகட்டும்’ என்று விட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றிருக்கிறேன். நான்கைந்து சுற்றுக்குப் பொறுமையாகச் செய்தால் புதிய அளவு படிந்துவிடும்.

பாத்திரத்தை நீங்களே உருவாக்கியிருந்தால் அதன் முதல் வணக்கச் செய்தியையும், குறிப்பில் கொடுத்த மாதிரி உரையாடல்களையும் பாருங்கள். முதல் செய்தியே அரைப்பக்கம் என்றால் பாட் அதைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் நீங்கள் விரும்பும் நீளத்தில் திருப்பி எழுதுங்கள்.

கட்டளையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான சொற்களில், சரியான இடத்தில் இருந்தால் உதவும். ‘நீளமாக எழுதாதே’ என்பதைவிட ‘ஒரு செயல், ஒன்றிரண்டு வசனம், அத்துடன் நிறுத்து’ என்பது நன்றாக வேலை செய்யும். ‘80 சொல்லில் எழுது’ என்று எண்ணிக்கை கொடுப்பதும் அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. எழுதும்போதே சொற்களை எண்ணுவது மாடலுக்குக் கைவராத கலை. பத்தி, வசனம் என்று வடிவத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும். இடம் என்று பார்த்தால், பாத்திரக் குறிப்பின் ஆரம்பத்தில் எழுதியது இரண்டு வாரக் கதைக்கு அப்பால் எங்கோ கிடக்கிறது. அதையே உரையாடலின் கடைசிப் பகுதிக்கு அருகே வைத்தால் பலம் கூடும். சில்லி டேவர்னில் ஆசிரியர் குறிப்பு என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. உங்கள் செயலியில் அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் செய்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஓஓசி (OOC, ‘பாத்திரத்துக்கு வெளியே பேசுகிறேன்’ என்பதன் சுருக்கம்) என்று போட்டு ஒரு வரி சேருங்கள். சில சுற்றுக்கு ஒருமுறை மறுபடி சேருங்கள்.

இனி அந்த வாய் திறக்காத பாத்திரம். நீங்கள் அதற்கு எழுதிய கடைசிப் பத்து செய்திகளைப் படித்துப் பாருங்கள். ‘ம்’, ‘சரி, போகலாம்’ என்று இருந்தால் அது அதே அளவில் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அது பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள். ‘சரி, போகலாம்’ என்பதற்குப் பதிலாக: ‘சரி, போகலாம் என்று எழுந்தேன். ஆனால் உன் சட்டைக் கையில் இருந்த கறை கண்ணில் பட்டது. “இது எப்போது ஆனது?” என்று கேட்டேன்.’ இப்போது அது கறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், மறைக்க வேண்டும், கோபப்பட வேண்டும். எப்படியும் ஒரு வரியில் முடியாது. முதல் ஒன்றிரண்டு பதில்களை நீங்களே எடிட் செய்து மூன்று நான்கு வாக்கியமாக நீட்டிவிட்டால் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பாத்திரக் குறிப்பில் ‘அதிகம் பேசாதவன்’ என்று எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதை மாடல் ‘பதில் சின்னதாக இருக்க வேண்டும்’ என்று எடுத்துக்கொள்ளும். ‘குறைவாகப் பேசுவான், ஆனால் அவன் பார்வையும் கை அசைவும் மனத்தில் ஓடுவதும் விரிவாக வரும்’ என்று மாற்றுங்கள்.

எல்லாக் காட்சிக்கும் ஒரே நீளம் வேண்டுமென்பதும் இல்லை. வாக்குவாதம் நடக்கும்போது இரண்டு வரிப் பதில்தான் சூடாக இருக்கும். புதிய இடத்துக்குள் நுழையும்போது இரண்டு பத்தி வர்ணனை வந்தால் நான் ரசித்துப் படிப்பேன். காட்சி மாறும்போது அந்தக் கட்டளை வரியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் செயலியில் பாட்டின் பதிலை எடிட் செய்யவே முடியாது என்றால் ஒரு வழி மிச்சமிருக்கிறது. இரண்டு வாரக் கதையைப் பத்து வரிக்குள் சுருக்கி எழுதுங்கள்: யார் யார், இதுவரை என்ன நடந்தது, இப்போது எந்த அறையில் நிற்கிறீர்கள், யாருக்கு யார்மேல் சந்தேகம். அதே பாத்திரத்தோடு புதிய சாட் திறந்து, முதல் செய்தியாக இதைக் கொடுத்து, கீழே நீளக் கட்டளையையும் சேருங்கள். துப்பறிவாளர் கதையைத் தொடர்வார். பழைய நீளப் பதில்கள் அவர் கண்ணில் படாது. முதல் ஐந்து பதில்களை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். நீண்டால் உடனே ஸ்வைப்.