புலியை அனுப்புவதற்கு முன்னால்

அன்புள்ள அக்கா,

மலேயாப் புலி தனிக் கிளையினமா இல்லையா என்று விஞ்ஞானிகளே அடித்துக்கொள்கிறார்கள். ஜாவா, பாலிப் புலிகள் அற்றே போய்விட்டன. இங்கே முதுமலையைச் சுற்றிப் புலி பெருகிவிட்டது. சிலவற்றைப் பிடித்துத் தென்கிழக்காசியக் காடுகளில் விட்டால் அங்கேயும் புலி இருக்கும், எங்கள் ஊருக்கும் நிம்மதி. சரிதானே?

தினேஷ், கூடலூர்

அன்புள்ள தினேஷ் தம்பி,

கிளையினச் சண்டையை விடுங்கள். 2017ல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையின நிபுணர் குழு எல்லாப் புலிகளையும் இரண்டே பிரிவில் அடக்கியது. மறு வருடமே ஒரு மரபணு ஆய்வு ஆறு என்றது. மலேசியாவில் மிஞ்சியிருப்பதோ 150க்கும் குறைவு. எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன?

புலி அனுப்பும் யோசனை உங்களுக்கு முன்பே கம்போடியாவுக்கு வந்துவிட்டது. 2022ல் இந்தியாவோடு ஒப்பந்தமே போட்டாயிற்று. அங்கே கடைசிப் புலி கேமராவில் விழுந்தது 2007ல். காடு இன்னும் இருக்கிறது. அப்புறம் புலி ஏன் போயிற்று? பெரும்பாலும் சுருக்குக் கம்பியால். மானுக்கும் பன்றிக்கும் வைத்தது புலியையும் பிடித்தது, புலியின் இரையையும் தீர்த்தது. சுமத்ராவிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் அதே கம்பிதான். துப்பாக்கிக்காவது ஓர் ஆள் நிற்க வேண்டும். கம்பி, வைத்தவன் மறந்துபோன பிறகும் மாதக்கணக்கில் கிடந்து வேலை பார்க்கும்.

கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. கோத்தகிரியில் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒரு விடியற்காலை தேயிலைக்குள் அலறியது. பைக் கிளட்ச் கம்பி. ஒரு முனையை சில்வர் ஓக் மரத்தடியில் கட்டி, மறுமுனையை வளையமாக விட்டிருந்தார்கள். இழுக்க இழுக்க இறுகும், தளராது. அது இழுத்த இழுப்பில் கால்தோல் சாக்ஸ் மாதிரி சுருண்டு இறங்கியிருந்தது. குறட்டால் வெட்டிய பிறகும் கம்பி சதைக்குள்ளேயே இருந்தது, மாட்டு டாக்டர் வந்துதான் எடுத்தார். பதினைந்து கிலோ நாய்க்கே இப்படி. புலி தன் முழு பலத்தோடு இழுத்தால்?

ராத்திரி உட்கார்ந்து புலிக்காகக் கடிதம் எழுதும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் ‘ஊருக்கு நிம்மதி’ என்றீர்களே, அதுதான் எரிச்சல். உங்கள் பக்கத்து வேலிகளில் கம்பி இல்லையா? கால் போன புலி மானை விரட்ட முடியாது, மாட்டுக்குத்தான் வரும். மாடு போனவர் கோபத்தில் என்ன செய்வார்? 2023ல் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்தது விஷம் வைத்த மாட்டைத் தின்று.

பன்றி ஒரே ராத்திரியில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிண்டிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கம்பி வைக்கிறவரைத் திட்ட எனக்கு முழுசாக வாய் வருவதில்லை. பயிருக்கும் மாட்டுக்கும் நஷ்டஈடு உடனே கைக்கு வர வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், கலெக்டருக்கு.