விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டுவந்தது யாரு?

கேள்வி: போன இதழ்ல ஜெர்மன் மல்யுத்த வீரர் வெர்னர் சீலன்பிண்டரை தியாகின்னு ஒரு வரியில எழுதியிருந்தீங்க. விளையாட்டோட நிறுத்தியிருந்தா அந்த மனுஷன் உயிரோட இருந்திருப்பாரே, அரசியல் எதுக்கு? அதுவும் கம்யூனிஸ்ட். தியாகின்னு சொல்றது ஓவரா தெரியலையா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஓவரா தெரியலைங்க. விளையாட்டுக்குள்ள அரசியலை இழுத்துட்டு வந்தது அவரு இல்ல. 1933-ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்த கொஞ்ச நாள்லயே தொழிலாளர் விளையாட்டு கிளப்புகளை எல்லாம் தடை பண்ணாங்க, யூதர்களை கிளப்புகள்ல இருந்து வெளிய தள்ளுனாங்க, மெடல் வாங்குற இடத்துல நாஜி சல்யூட் அடிச்சே ஆகணும்னாங்க. க்ரெட்டல் பெர்க்மன்னு ஒரு ஹை ஜம்ப் வீராங்கனை, 1936 ஜூன்ல 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் ரெக்கார்டை சமன் பண்ணாங்க, ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப உங்க ஆட்டம் போதாதுன்னு லெட்டர் அனுப்பி டீமை விட்டுத் தூக்கிட்டாங்க, உண்மைக் காரணம் அவங்க யூதப் பொண்ணுங்கறது மட்டும்தான். அப்படிப்பட்ட ஊர்ல "விளையாட்டோட நிறுத்திக்கோ"ன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா, கையைத் தூக்கு, வாயை மூடுன்னு தான் அர்த்தம்.

சீலன்பிண்டர் தூக்கல. 1904-ல ஸ்டெட்டின்ல பொறந்து பெர்லின்ல வளந்த தொழிலாளி வீட்டுப் பையன். 1925-ல ஃப்ராங்ஃபர்ட்ல நடந்த தொழிலாளர் ஒலிம்பிக்ஸ்ல (தொழிலாளர் கிளப்புகள் தனியா நடத்துன போட்டி) ஜெயிச்சாரு, 1928-ல கம்யூனிஸ்ட் கட்சியில சேந்தாரு. 1933 தேசிய சாம்பியன்ஷிப்ல லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவுல முதல் இடம், பரிசு கொடுக்குற நேரத்துல சுத்தி இருந்தவங்க எல்லாம் கையை நீட்டி நிக்க இவரு மட்டும் கையைத் தொங்கப் போட்டுட்டு நின்னாரு. அதுக்கு கைது, 16 மாசம் ட்ரெய்னிங் போட்டி ரெண்டுக்கும் தடை. ஒரு மல்யுத்த வீரனுக்கு 28, 29 வயசுல 16 மாசம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. தடை முடிஞ்சு திரும்பி வந்து 1935-ல மறுபடியும் சாம்பியன்!

பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அவரை எடுத்தே ஆக வேண்டிய நிலைமை, அந்த எடையில நாட்டுல நம்பர் ஒன் அவருதான். மெடல் கிடைச்சா மொத்த உலகமும் பாக்குற மேடையில ஹிட்லருக்கு எதிரா எதாவது செஞ்சு காட்டணும்னு தோழர்களோட பேசி வச்சிருந்தாரு. இடுப்புக்குக் கீழ பிடிக்கக் கூடாதுங்கற கிரேக்கோ ரோமன் மல்யுத்தப் பிரிவு, கிடைச்சது நாலாவது இடம். ஸ்வீடன், லாத்வியா, எஸ்டோனியா மூணு நாட்டுக்காரங்க மேடை ஏறுனாங்க. இந்த இடத்தை எப்பப் படிச்சாலும் எனக்கு மனசு ஆறாது, ஒரே ஒரு இடம் தள்ளிப் போச்சு.

அப்புறமும் சும்மா இருக்கல. வெளிநாட்டுப் போட்டிக்குப் போறவருக்கு எல்லையில கெடுபிடி கம்மி, அதைப் பயன்படுத்தி தலைமறைவா இருந்தவங்களுக்காக சேதி கொண்டு போய் கொண்டு வந்தாரு. போர் நடந்துட்டிருந்த 1941-லயும் அவருதான் தேசிய சாம்பியன். 1942 பிப்ரவரி 4-ம் தேதி, ஹிட்லருக்கு எதிரா ரகசியமா இயங்குன ராபர்ட் ஊரிக்கோட கம்யூனிஸ்ட் குழுவை வளைச்சுப் பிடிச்சப்ப இவரும் மாட்டுனாரு. ரெண்டரை வருஷம் சித்திரவதை, ஜெயில், முகாம்னு மாத்தி மாத்தி வச்சு, 1944 அக்டோபர் 24 பிராண்டன்பர்க் ஜெயில்ல தலையை வெட்டுனாங்க. வயசு 40. இன்னும் ஏழு மாசம்கூட இல்ல, ஜெர்மனி சரணடைஞ்சிருச்சு.

கம்யூனிஸ்ட்னு சொல்லி நீங்க இழுக்குற இழுப்பும் புதுசில்லைங்க. 1945-ல பெர்லின் நாய்கொல்ன் ஸ்டேடியத்துல அவரு அஸ்தியைப் புதைச்சு அவரு பேரையே வச்சாங்க. அந்த ஏரியா மேற்கு பெர்லின் பக்கம் போச்சு, பனிப்போர் வந்துச்சு, சில வருஷத்துல பேரைத் தூக்கிட்டாங்க, கல்லறை மட்டும் அங்கயே இருந்துச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்குப் பக்கம் ஒரு பெரிய ஹாலுக்கு அதே ஆளு பேரை வச்சு, ஸ்டாம்ப் போட்டு, தங்களோட ஆட்சிக்கு விளம்பரம் ஆக்கிட்டாங்க. நாடு ஒண்ணானதும் அந்த ஹாலை இடிச்சு வெலோட்ரோம்னு சைக்கிள் பந்தய அரங்கம் கட்டுனாங்க. நாய்கொல்ன் ஸ்டேடியத்துக்குப் பேரு திரும்பக் கிடைச்சது 2004-ல, அதாவது கிட்டத்தட்ட 60 வருஷமா ரெண்டு தரப்பும் அவரைக் கட்சிக்காரரா மட்டும்தான் பாத்துச்சு. அவரு மறுத்தது என்ன, எந்த மேடையில மறுத்தாருங்கறது பின்னாடி போயிடுச்சு.

கம்யூனிஸ்ட்ங்கறதால சோவியத் தலைவர் ஸ்டாலின் செஞ்ச கொலைகளைப் பத்தி கேக்கணும்னா தாராளமா கேளுங்க, மழுப்பாம பதில் எழுதறேன். ஆனா அந்தக் கணக்கை ஹிட்லர் வெட்டுன ஆளு தலையில எழுதாதீங்க.