மார்கழிக் குளிரில் லூர்: விராலும் பைக்கும் – கேள்வி பதில்

பின்லாந்தில் சில வருஷம் வேலை பார்த்து, அங்கே பைக் மீனும் இங்கே விராலும் லூர் (செயற்கை இரை) போட்டுப் பிடித்துப் பழகிய சேலத்து அண்ணன் ஒருவரிடம் நம்மவர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

ஓமலூரிலிருந்து: அண்ணா, குளிர்காலத்தில் பைக் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து பெரிய ஜெர்க்பெயிட் (சுண்டிச் சுண்டி இழுக்கிற மீன் வடிவ லூர்), ஸ்பூன் (கரண்டி மாதிரி உலோகத் தகடு லூர்) எல்லாம் வாங்கிட்டேன். மேட்டூரில் விராலுக்குப் போட்டால் அடிக்குமா?

அடிக்காதுன்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா விரால் வாயில் மாட்டுறதை விட ஆகாயத்தாமரையில்தான் அதிகம் மாட்டும்.

பைக் நம்ம ஊர் மீனே இல்லை. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கான்னு குளிர்ந்த தண்ணியில் இருக்கிறது. விராலுக்கும் அதுக்கும் சொந்தபந்தம் கிடையாது, தொழில்தான் ஒண்ணு. மறைவில் அசையாம கிடந்து, பக்கத்தில் வர்றதை ஒரே பாய்ச்சலில் கவ்வும். அதனால ஒரே லூர் ரெண்டுக்கும் ஆகும்னு தோணும்.

வித்தியாசம் மூச்சில் இருக்கு. பைக்குக்குச் செவுள் போதும். ஏரி மேல ஐஸ் மூடினாலும், 4 டிகிரி தண்ணிதான் கனமானதுங்கிறதால் அது அடியில் தங்கும், பைக்கும் அந்த ஆழத்திலேயே குளிரை ஓட்டிடும். விரால் அப்படி இருக்க முடியாது. மேலே வந்து காத்தை விழுங்கியே ஆகணும். அதனால கரையோரப் பாசி, கோரை, அல்லி இலை இதை விட்டு அதிகம் தள்ளிப் போகாது. அங்கே மூணு முள் தொங்குற லூரை வீசினா ஒவ்வொரு இழுப்புக்கும் பாசி உருவ வேண்டியதுதான். ஸ்பூனை மட்டும் வச்சுக்குங்க. மூணு முள்ளைக் கழட்டிட்டு, பாசி மாட்டாத ஒத்த முள் போடுங்க. ஜெர்க்பெயிட்டை யாராவது வெளிநாடு போனா கொடுத்தனுப்பலாம்.

கன்னங்குறிச்சியிலிருந்து: மார்கழி பிறந்ததிலிருந்து விரால் வாயையே திறக்க மாட்டேங்குது. தினமும் விடியக்காலை அஞ்சு மணிக்கே போயிடறேன். என்ன தப்பு?

அந்த அஞ்சு மணிதான். சித்திரை, வைகாசிக்கு விடியலும் அந்தியும் சரி. மார்கழி, தையில் சேலத்திலேயே விடியக்காலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிடும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டைச் சொல்லவே வேண்டாம். தண்ணி குளிர்ந்தா மீன் உடம்பும் குளிரும், செரிமானம் மெதுவாகும், துரத்துற ஆசை போயிடும். போர்வையை இழுத்து மூடிக்கிட்டு இன்னும் பத்து நிமிஷம்னு கிடக்கிற பையன் மாதிரிதான்.

காலைச் சாப்பாட்டை வீட்டில் முடிச்சிட்டே கிளம்புங்க. பத்து மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் நல்ல நேரம். எந்தக் கரைன்னு கேட்டா வடகரை. இந்த மாசத்தில் சூரியன் தெற்கே சாய்ஞ்சு போகுது, வாடை வடகிழக்கிலிருந்து அடிக்குது. வடகரையில் வெயிலும் விழும், கரை மறைப்பில் காத்தும் அடங்கும். ரெண்டு மூணு அடி ஆழம், கருத்த சேறு, ஓரத்தில் பாசி: அங்கே தண்ணி சீக்கிரம் சூடாகும்.

வந்த உடனே வீசாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. பாசி இடுக்கில் ‘பளக்’னு ஒரு சத்தம், சின்னதா ஒரு வட்டம், பின்னாடி ரெண்டு மூணு குமிழி வரும். விரால் மூச்சு வாங்கிட்டு இறங்குது. அது தலை மேலேயே லூரைப் போட்டா ஓடிடும். ரெண்டு முழம் தாண்டி விழவிட்டு, அந்த இடத்து வழியா மெதுவா கொண்டுவாங்க.

எடப்பாடியிலிருந்து: தவளை லூரை அடிக்குது, ஆனா முள் ஏற மாட்டேங்குது. நிறத்தை மாத்தணுமா?

நிறத்தில் ஒண்ணும் இல்லைங்க. கலங்கல் தண்ணிக்குக் கருப்பு, தெளிவுக்குப் பச்சையோ பழுப்போ. வெள்ளை வாங்கினா உங்க கண்ணுக்கு லூர் நல்லாத் தெரியும், அவ்வளவுதான்.

கடையில் லூரை ரெண்டு விரலால் அமுக்கிப் பாருங்க. ரப்பர் லேசா அமுங்கி ரெண்டு முள்ளும் வெளியே எட்டிப் பார்க்கணும். கெட்டியா இருந்தா வேண்டாம். குளிர் காலையில் அந்த ரப்பர் இன்னும் விறைக்கும். பின்னாடி தொங்குற ரப்பர் கால்களைப் பாதியா வெட்டிடுங்க. சோம்பல் விரால் அந்த நுனியை மட்டும் கடிச்சிட்டுப் போயிடும்.

இன்னொண்ணு, அவசரம். வெயில் காலத்தில் தண்ணி தெறிக்க அடிக்கும், குளிரில் உறிஞ்சித்தான் எடுக்கும். லூர் காணாமப் போன உடனே சுண்டாதீங்க. ராடைத் தாழ்த்தி, லைன் இழுபடறது கையில் தெரிஞ்ச அப்புறம் சுண்டுங்க. ரெண்டு தட்டு தட்டினா, அலை வட்டம் அடங்குற வரைக்கும் நிறுத்தி வைக்கணும். நிறுத்துறப்போதான் எடுக்கும். குளிரில் லூர் எதுங்கிறதை விட எவ்வளவு நேரம் சும்மா விடுறோம்ங்கிறதுதான் பெருசு. இது பைக்குக்கும் அப்படியே பொருந்தும்.

தாரமங்கலத்திலிருந்து: பைக்குக்குக் கம்பி லீடர் (லூருக்கு முன்னாடி கட்டுற கம்பித் துண்டு) போடுறாங்களே, விராலுக்கும் வேணுமா?

வேண்டாம். பைக்கோட பல் கத்தி, சாதா லைனை அறுத்துடும். அங்கே கம்பி இல்லாம வீசினா மீன் வாயில் லூரோட ஓடிப்போய்ச் செத்துடலாம். விரால் பல் குத்தும், அவ்வளவா அறுக்காது. 40 பவுண்டு தாங்குற பிரெய்டை (பின்னல் லைன்) நேரா லூரில் கட்டுங்க. தங்கூஸ் (நைலான் லைன்) இழுபடும், பாசிக்குள்ள இருந்து மீனைப் பிடுங்க முடியாது. ஏழடி மீடியம் ஹெவி ராடு போதும்.

ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா: என் மகன் பின்லாந்தில் படிக்கிறான். ஜனவரியில் ஐஸ் மேல நின்னு பைக் பிடிக்கப் போறானாம். பயமா இருக்கு தம்பி.

பயப்படறது நியாயம்தாங்கம்மா. கெட்டியான தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இல்லாம கால் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஆறு வந்து சேர்ற இடம், பாலத்தடி, ரெண்டு தீவுக்கு நடுவில் குறுகின இடம், இங்கெல்லாம் நீரோட்டத்தால் ஐஸ் மெலிசா இருக்கும். கழுத்தில் மாட்டிக்கிற கூர் ஆணி ஜோடி ஒண்ணு கடையில் கிடைக்கும். உள்ளே விழுந்தா அதைக் குத்தித்தான் ஏறி வர முடியும். தனியா போகவே கூடாது.

மீன் விஷயத்துக்கு வர்றேன். துளை வழியா ஸ்பூனைத் தூக்கித் தூக்கி விழவிடலாம். அதை விட, செத்த சின்ன மீனை முள்ளில் கோத்து அடியில் சும்மா தொங்கவிடறது பைக்குக்கு நல்லா வேலை செய்யும். குளிர்ந்த பைக் தெம்பைச் செலவழிக்காம கிடைக்கிறதைத்தான் தேடும். ஐஸ் இல்லாத கடலோரம்னா ரப்பர் மீனோ, நிறுத்தினா முங்காம மிதக்காம அந்தரத்தில் நிக்கிற லூரோ போடலாம். நம்பவே முடியாத அளவுக்கு மெதுவா சுத்தணும். அடி விழாது, ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு கனம் மட்டும் தெரியும்.

அந்த நாட்டில்தான் 1936-ல் லௌரி ராபாலாங்கிற மீனவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்துற தாளை ஒட்டித் தன்னோட முதல் லூரைச் செஞ்சார். அடிபட்ட மீன் நெளியற மாதிரி அது நெளியும். இன்னிக்கும் அந்த நெளிவைத்தான் எல்லாரும் காப்பியடிக்கிறாங்க.

ஐஸ் துளையில் சின்னத் தூண்டிலுக்கு அங்கே கட்டணம் இல்லை. ரீல் போட்டு லூர் வீசினா கட்டணம் கட்டணும். பெரிய பைக் எல்லாம் பெண் மீன். ஐஸ் உருகின கையோட முட்டை போடும், ஜனவரியில் வயித்தில் சினை இருக்கும். போட்டோ எடுக்கிறேன்னு உறைபனிக் காத்தில் தூக்கிப் பிடிச்சா செவுள் உறைஞ்சிடும். முள்ளைக் கழட்டி உடனே விடச் சொல்லுங்க.

கொளத்தூரிலிருந்து: போன வாரம் பண்ணவாடி பக்கம் விரால் கிடைச்ச அதே இடத்தில் இந்த வாரம் ஒண்ணுமே இல்லையே?

மேட்டூர் அணை மட்டத்தைப் பார்த்தீங்களா? முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு வழக்கமா ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவாங்க. மழை ஓய்ஞ்சு மார்கழி, தையில் தண்ணி திறந்துவிட்டா மட்டம் இறங்கிக்கிட்டே போகும். போன வாரத்துப் பாசி ஓரம் இந்த வாரம் சேறு. கரை சாய்வைப் பார்த்து, அடுத்த பள்ளமும் மிச்சப் பாசியும் எங்கே சேருதுன்னு தேடுங்க. பரிசல்காரங்க வலை கட்டியிருக்கிற பக்கம் வீசாதீங்க, அது அவங்க பொழப்பு.

சேலத்திலிருந்து: ஏற்காடு ஏரியில் வீசலாமா? ஊர் ஏரிகளில்?

ஏற்காட்டில் வேண்டாம். படகில் குழந்தைங்க போற இடத்தில் முள் பறக்கக் கூடாது. ஊர் ஏரிகள் பல குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரைக் கேட்டுட்டு இறங்குங்க.

மேச்சேரியிலிருந்து: குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் போட்டா தாய் விரால் உடனே அடிக்குதே, அதுதான் சுலபம் இல்லையா?

சுலபம்தான். பசியில் அடிக்கலை, குஞ்சைக் காக்க அடிக்குது. அதைத் தூக்கிட்டா சிவப்பா திரியற அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரை. அதை நான் மீன்பிடின்னே சொல்ல மாட்டேன்.

வாழப்பாடியிலிருந்து: இந்தக் குளிருக்கு ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் அண்ணா. எது?

தவளை இல்லை. நாலு அங்குலத்தில் வால் ஆடுற ரப்பர் மீன் ஒரு பாக்கெட். கூடவே பாசி மாட்டாத வளைஞ்ச முள், 4/0 அளவில் ரெண்டு. முள் நுனியை ரப்பர் முதுகில் லேசா புதைச்சு வச்சா அல்லிக்குள்ளேயும் இழுக்கலாம். முள் கழுத்தில் நாலஞ்சு கிராம் ஈயம் சுத்துங்க. அதுக்கு மேல போனா கல்லு மாதிரி இறங்கிடும். வாங்கினதும் கரையோரத் தெளிஞ்ச தண்ணியில் இழுத்துப் பாருங்க. எவ்வளவு மெதுவா இழுத்தா வால் ஆடுறது நிக்குதோ, அதுக்கு ஒரு பொட்டு மேல உங்க வேகத்தை வச்சுக்குங்க.