நாய்க்குட்டி கவ்விய பந்துக்கு அபராதம் உண்டா?

போன இதழில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்ஃப் லீக்கைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை பதில்கள் எல்லாம் அவற்றுக்குத்தான்.

கே: கால்ஃப் என்றாலே பெரிய மனிதர்கள் வாய் திறக்காமல் ஆடும் ஆட்டம் என்று நினைத்திருந்தேன். நீங்களோ வயிறு வலிக்கச் சிரித்தோம் என்கிறீர்கள். அப்படி என்ன நடக்கிறது அங்கே?
– வாசகர், சேலம்

ப: பந்தை அடிக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் மௌனம். அது முடிந்ததும் நாங்கள் மனிதர்களாகிவிடுவோம்.

எங்கள் குழு கோவையில் பல வருடப் பழக்கம். ஒரு பல் டாக்டர், ஓர் ஆடிட்டர், பம்ப் கம்பெனி நடத்துகிற ஒருவர், ரிட்டயர் ஆன மில் மேனேஜர், வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண் என்று கலவையான கூட்டம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுவோம். தோற்ற ஜோடி எல்லோருக்கும் பொங்கல் வடை வாங்கித் தர வேண்டும்.

ஒருநாள் ஆடிட்டர் புது டிரைவர் (தூரமாக அடிக்கிற மட்டை) வாங்கி வந்திருந்தார். முதல் அடி அவருடையது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மனிதர் இடுப்பை முறுக்கி, முழு வேகத்தில் வீசினார். வீசிய கையோடு தலையை நிமிர்த்தி, பந்து எங்கே பறக்கிறது என்று தூரத்து மரங்களுக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மட்டைப் பையைச் சுமந்தபடி பக்கத்தில் நின்ற கேடி (உதவியாளர்) மிக மரியாதையாகச் சொன்னார்: “சார், பந்து இங்கேயேதான் இருக்குதுங்க.”

பந்து, அதை நிறுத்தி வைக்கும் சின்னக் குச்சியின் மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிக்கும் எண்ணத்தோடு மட்டையை வீசினால், பந்தில் படாவிட்டாலும் அது ஓர் அடிதான். சும்மா ஒத்திகை பார்த்தேன் என்று அவர் சொல்லியிருந்தால், யாராலும் மறுத்திருக்க முடியாது. எங்கள் ஆட்டத்தில் அம்பயர் யாரும் கூட வருவதில்லை. ஆடுகிறவர் சொல்வதுதான் கணக்கு. ஆடிட்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, “ஒண்ணு. எழுதிக்குங்க” என்றார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நேர்மையாக எண்ணுகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர் மனம் கோணாது. எண்ணிக்கையில் கைவைக்கிறவர் இருக்கும் குழுவில் யாருக்கும் சிரிப்பு வராது, சந்தேகம்தான் வரும்.

கே: எங்கள் ஊர் மைதானத்தில் தெருநாய்த் தொல்லை அதிகம். நாய் பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதம் உண்டா?
– வாசகர், பெங்களூரு

ப: கிடையாது. நின்றிருந்த பந்தை நாய், காகம், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று யார் நகர்த்தினாலும், முன்பிருந்த இடத்திலேயே வைத்து ஆட வேண்டும். இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். ஆனால் கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வெளியிலிருந்து அடித்த பந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது தற்செயலாக நாய்மேல் பட்டுத் திரும்பினால், போய் நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும்.

எங்களுக்கு இது நடந்திருக்கிறது. பல் டாக்டர் அன்று அருமையாக அடித்திருந்தார். பந்து, குழியில் நட்ட கொடிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றது. எங்கிருந்தோ ஒரு செம்பட்டை நாய்க்குட்டி வந்து, முகர்ந்து பார்த்து, கவ்விக்கொண்டது. துரத்தினால் ஓடும், நின்றால் அதுவும் நின்று வாலை ஆட்டும். கடைசியில் டாக்டர் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, தன்னை அறியாமல் சொன்னார்: “எங்கே, ஆ காட்டு.”

குட்டி வாயைத் திறந்தது! பந்து உருண்டு பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. எதிர் ஜோடியான மில் மேனேஜர், “அங்கிருந்தே ஆடுங்க டாக்டர்” என்று ஒற்றைக் காலில் நின்றார். விதியை எடுத்துக் காட்டியதும் அவரே பந்தைத் துடைத்து, பழைய இடத்தை அடையாளம் காட்டினார். டாக்டரின் பேஷண்டுகளிலேயே சொன்னவுடன் வாயைத் திறந்தது அந்தக் குட்டி ஒன்றுதான் என்று இன்றைக்கும் பேச்சு.

நாய் பரவாயில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1940-ல், இங்கிலாந்தின் ரிச்மண்ட் கால்ஃப் கிளப் தற்காலிக விதிகள் போட்டது. எதிரி குண்டு பந்தை நகர்த்தினால் அபராதம் இல்லை. அடிக்கும் நேரத்தில் குண்டு வெடித்து அடி கெட்டுப்போனால் அதே இடத்திலிருந்து இன்னொரு பந்து ஆடலாம், ஆனால் ஓர் அடி அபராதம்! குண்டு மழையிலும் கணக்கை விடாத அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கே: புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். தேர்ந்தவர்களோடு லீக்கில் சேர வெட்கமாக இருக்கிறது. சிரிப்பார்களே?
– வாசகி, திருப்பூர்

ப: சேருங்கள். உங்களுக்காகவே, புதியவர்களுக்கு அடிக் கணக்கில் சலுகை தரும் ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு இருக்கிறது. குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடும் குழுவாகப் பாருங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் உருவாக்கிய முறை, 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் நடைமுறைக்கு வந்தது. ஒரு குழியில் எவ்வளவு சொதப்பினாலும் பூஜ்யம்தான், அதற்குக் கீழே போகாது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம்.

எங்கள் வங்கிப் பெண் ஒருமுறை பங்கரில் சிக்கினார். அடிக்க அடிக்க மணல்தான் வெளியே வந்தது. தலை, புருவம் எல்லாம் மணல். பந்து மட்டும் திரும்பத் திரும்ப அவருடைய காலடித் தடத்துக்கே உருண்டு வந்தது. “நீ இங்கேயே இரு” என்று அதனிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். பூஜ்யம். அடுத்த குழியில் அதே பெண் பார் அடித்தார், அதாவது அந்தக் குழிக்கென்று வகுத்த அடிகளுக்குள்ளேயே முடித்தார். ஹேண்டிகேப் 36 என்பதால் அந்தக் குழிக்கு இரண்டு அடி சலுகை, ஆக பாருக்கு இரண்டு, சலுகைக்கு இரண்டு என்று நாலு புள்ளி. சலுகை எதுவும் இல்லாத பம்ப் கம்பெனிக்காரர் பாரைவிட ஓர் அடி கூடுதலாக அடித்து ஒரே புள்ளியோடு நின்றார். அன்றைய பொங்கல் அவர் செலவு.

கே: ஒரே அடியில் குழிக்குள் போட்டால் பரிசு தருவார்களா?
– வாசகர், மதுரை

ப: நண்பர்கள் ஆட்டத்தில் தலைகீழ். அடித்தவர்தான் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். ஜப்பானில் இந்தச் செலவுக்கென்றே இன்ஷூரன்ஸ் உண்டு. எங்கள் குழுவில் இதுவரை யாருக்கும் அந்தச் செலவு வரவில்லை. பம்ப் கம்பெனிக்காரர் மட்டும், ஒரே அடியில் எட்டிவிடக்கூடிய ‘பார் மூன்று’ குழி வந்தாலே, மட்டையை எடுக்கும் முன் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்.